காத்திருப்பின் செலவை யார் ஏற்பது?

இந்திய மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அதிதி சௌஹான் 2025 ஜூலையில் தமது ஓய்வை அறிவித்தார். 17 ஆண்டு விளையாட்டு வாழ்க்கை. இந்தியாவுக்காக 57 ஆட்டங்கள். இங்கிலாந்தின் மகளிர் லீக் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெருமை. அவர் பிறந்தது சென்னையில், வளர்ந்தது தில்லியில். ஆயினும் தமிழகத்தில் அந்தச் செய்தி பெரும்பாலோரின் கண்ணில் படாமலேயே கடந்து போனது.

கிரிக்கெட் வீரர் ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் எடுத்த ஓட்டங்களையும் ஈட்டிய வருவாயையும் நாம் விரல்விட்டு எண்ணுகிறோம். ஒரு பெண் கோல்கீப்பரைப் பொறுத்தவரை எண்ண வேண்டியது வேறொன்று. அந்த இடத்தில் 17 ஆண்டுகள் நீடிப்பதற்கு என்னென்ன தேவைப்பட்டன? அவற்றுக்கான செலவை யார் ஏற்றார்கள்? கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் படிக்கும் 14 வயது மாணவியை மனதில் நிறுத்தி இக்கேள்விகளைக் கேட்டால், நமது விளையாட்டுக் கொள்கையின் வலிமையும் ஓட்டையும் ஒருசேரப் புலப்படும்.

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். அவர்களுள் கோல்கீப்பர் ஒருவரே. முன்களத்தில் இடம் கிடைக்காதவர் நடுக்களத்துக்கு மாறலாம்; நடுக்களத்தில் ஆடுபவர் தடுப்பாட்டத்துக்கு இறங்கலாம். கோல்கீப்பருக்கு அப்படி மாற்றிடம் கிடையாது. மற்றவர்கள் ஆட்டத்தின் கடைசி 20 நிமிடங்களிலாவது மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கித் தம் திறமையைக் காட்ட முடியும். கோல்கீப்பரை ஆட்டத்தின் நடுவே மாற்றுவது, காயம்பட்டாலோ சிவப்பு அட்டை காட்டப்பட்டாலோ மட்டுமே பெரும்பாலும் நிகழ்வது. பெரிய போட்டிகளுக்குச் செல்லும் அணிகள் மூன்று கோல்கீப்பர்களை அழைத்துச் செல்கின்றன. மூவரும் ஒரே அளவு பயிற்சி பெறுகிறார்கள். களத்தில் நிற்பவர் ஒருவர்தான்.

2022 ஜனவரியில் இந்தியாவில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பையே இதற்குச் சான்று. இந்திய அணிப் பட்டியலில் அதிதி சௌஹான், மணிப்பூரின் லிந்தோயிங்கம்பி தேவி, தமிழகத்தின் சௌமியா நாராயணசாமி என மூன்று கோல்கீப்பர்கள் இடம்பெற்றிருந்தனர். ஈரானுடனான முதல் ஆட்டத்தில் அதிதி கோல் காத்தார். ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கரோனா பரவி, களமிறக்கப் போதிய ஆட்டக்காரர்கள் இல்லாமல் போனது. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்பட்டது. சொந்த மண்ணில் நடந்த ஆசியப் போட்டிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு, 90 நிமிடங்களோடு எல்லாம் முடிந்துவிட்டது. மற்ற இரு கோல்கீப்பர்களுக்கு அந்த 90 நிமிடங்களும் வாய்க்கவில்லை.

7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோல் சட்டத்தைக் காப்பதற்கு உடல் வேகம் மட்டும் போதாது. பந்து எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே கணிப்பதும், தடுப்பாட்டக்காரர்களை இடமறிந்து நிறுத்துவதும், ஒரு தவறுக்குப் பிறகும் மனம் தளராமல் நிற்பதும் அனுபவத்தால் மட்டுமே கைகூடுபவை. அதனால்தான் பிற ஆட்டக்காரர்கள் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒளிர, கோல்கீப்பர்கள் பலர் முப்பதை நெருங்கும்போதுதான் முழுமை பெறுகின்றனர்.

பொருளியல் மொழியில் சொன்னால், செலவு முன்னால் வருகிறது, பலன் வெகுகாலம் கழித்து வருகிறது, வராமலும் போகலாம். இத்தகைய முதலீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. நிலத்தை அடமானம் வைக்கலாம், நகையை அடமானம் வைக்கலாம். 14 வயதுச் சிறுமியின் கைத்திறனை அடமானமாக ஏற்பார் எவருமில்லை. ஆகவே, காத்திருக்க வசதி உள்ளவர்களே காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் திறமை இருந்தும் பாதியில் விலகுகிறார்கள்.

அதிதியின் பாதையை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். தில்லியில் வளர்ந்து, பதின்பருவத்தில் கால்பந்துக்கு வந்த அவர், இந்திய அணியில் ஆடியபடியே இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மையில் முதுகலை பயின்றார். 2015 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணிக்காகக் களமிறங்கினார். அந்த அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கோவென்ட்ரிக்கு எதிரான அவரது முதல் ஆட்டத்தில் 5 கோல்கள் விழுந்தன. ஆயினும் அவர் அந்த அணியில் தொடர்ந்தார். பிறகு இந்தியா திரும்பி, 2020இல் கோகுலம் கேரளா அணியுடன் இந்திய மகளிர் லீக் பட்டம் வென்றார். 2021இல் ஐஸ்லாந்தின் ஹாமர் அணிக்காக ஆடினார். இடையிடையே முழங்கால் காயங்கள், சிகிச்சை, மீண்டும் பயிற்சி. 'ஷீ கிக்ஸ்' என்ற பெயரில் பெண்களுக்கான கால்பந்துப் பயிற்சி மையம் ஒன்றையும் தொடங்கினார்.

இந்தப் பாதையில் அவரது உழைப்புக்கும் மன உறுதிக்கும் ஈடில்லை. அதே வேளையில், பெருநகரத்தில் பள்ளிப் படிப்பு, அயல்நாட்டில் முதுகலை, ஆட்டம் கைவிட்டாலும் தாங்கிப் பிடிக்கும் கல்வித் தகுதி ஆகியன அவரது காத்திருப்பைச் சாத்தியமாக்கின என்பதையும் மறுக்க முடியாது. முதல் ஆட்டத்தில் 5 கோல்கள் விழுந்த பிறகு இன்னொரு வாய்ப்புக்காகக் காத்திருக்க, மனவலிமையோடு மாத வாடகையும் வேண்டும்.

அதே லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அதே காலகட்டத்தில் பயின்ற மற்றொரு கோல்கீப்பர், இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ். அதிதி பிறந்தது 1992 நவம்பர். எர்ப்ஸ் பிறந்தது 1993 மார்ச். தொடக்க காலத்தில் கால்பந்து வருமானம் போதாமல் எர்ப்ஸ் சில்லறை வேலைகளும் பார்த்தார். தேசிய அணியில் இடமிழந்து, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணிய காலமும் அவருக்கு உண்டு. 2021இல் புதிய பயிற்சியாளர் அவரை மீண்டும் அழைத்தார். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் பெனால்டி உதையைத் தடுத்தார். இங்கிலாந்து தோற்றபோதிலும், போட்டியின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 30.

ஆனால் அந்த உலகக் கோப்பையின்போது அவர் அணிந்த சட்டையை ரசிகர்களால் வாங்க முடியவில்லை. மற்ற ஆட்டக்காரர்களின் ஜெர்சிகளை விற்ற நைக் நிறுவனம், மகளிர் கோல்கீப்பர் ஜெர்சியை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கோரிய பிறகே குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. வந்த வேகத்தில் அவை விற்றுத் தீர்ந்தன. வாங்குவோர் இல்லை என்று கருதி ஒரு பொருளைக் கடையில் வைக்காமலிருந்துவிட்டு, விற்பனை ஆகவில்லை என்று சொல்வது எவ்வளவு பிழையான கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

'மகளிர் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை. அதனால்தான் ஊதியம் குறைவு' என்ற வாதம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. வரலாறு அதற்கு வேறு விடை தருகிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களின் கதவுகளை அவர்களுக்கு அடைத்தது. அந்தத் தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானத்தில் மகளிர் ஆட்டம் ஒன்றைக் காண 91,648 பேர் வந்தனர். பார்வையாளர்கள் எப்போதும் இருந்தார்கள். இல்லாமற் போனவை மைதானமும் அட்டவணையும் முதலீடும்தான். இன்றும் அந்த இடைவெளி முழுமையாகச் சுருங்கிவிடவில்லை. 2022 ஆடவர் உலகக் கோப்பையின் பரிசுத் தொகை 44 கோடி டாலர். 2023 மகளிர் உலகக் கோப்பையின் பரிசுத் தொகை 11 கோடி டாலர்.

புகழின் உச்சியை அடைந்தவர்களுக்கும் இத்தொழில் பாதுகாப்பு தருவதில்லை. 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சீனாவின் பெனால்டி உதையைத் தடுத்து அமெரிக்காவுக்குக் கோப்பை கிடைக்க வழிவகுத்தவர் கோல்கீப்பர் பிரையானா ஸ்கரி. 2010இல் ஆட்டத்தின்போது தலையில் பட்ட அடி அவரது விளையாட்டு வாழ்க்கையை முடித்தது. நீண்ட சிகிச்சையும் வருமானமின்மையும் சூழ்ந்த நாள்களில், தம் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அவர் 18,000 டாலருக்கு அடகு வைத்தார். எதிரணியினரின் கால்களுக்கு முன்னால் தலையைக் கொடுத்துப் பந்தைப் பற்றுவது கோல்கீப்பரின் அன்றாடப் பணி. அந்தப் பணிக்கு ஏற்ற மருத்துவக் காப்பீடு வளர்ந்த நாட்டிலேயே இவ்வளவு தடுமாறியது என்றால், நம் நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் மகளிருக்கான தேசிய லீக் போட்டி 2016-17இல்தான் தொடங்கியது. முதல்நிலை லீக்கில் உள்ள ஒவ்வோர் அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ.3.2 லட்சம் ஊதியத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அனைத்திந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023இல் முடிவு செய்தது. வரவேற்கத்தக்க முடிவு இது. அதற்கு முன் இத்தகைய அடித்தளமே இல்லை. எனினும் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ரூ.3.2 லட்சம் என்பது மாதம் ஏறத்தாழ ரூ.26,700. 2024-25 பருவத்தில் லீக்கில் ஆடிய அணிகள் 8. விதியின் குறைந்தபட்ச அளவுப்படி, நாடு முழுவதற்கும் உறுதியளிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் 80. ஓர் அணி களமிறங்க 11 பேர் வேண்டும். விதியோ 10 பேருக்குத்தான் உறுதி தருகிறது.

அந்தப் பருவத்தில் ஓர் அணி ஆடிய லீக் ஆட்டங்கள் 14. ஒவ்வோர் ஆட்டத்திலும் முழுமையாக நின்ற கோல்கீப்பர்கூட, இந்த லீக்கில் களத்தில் இருந்த நேரம் 21 மணி நேரம்தான். நாடு முழுவதிலும் அப்படி நிற்கக் கிடைப்பது 8 இடங்கள். நிர்வாகக் குளறுபடிகளுக்கும் வீராங்கனைகளே விலை கொடுக்க நேர்கிறது. 2022 ஆகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இடைநீக்கம் செய்தபோது, ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்று இறங்கியிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தச் சூழலிலும் தமிழகம் சாதித்திருக்கிறது என்பது பெருமைக்குரியது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழகம் முதன்முறையாகத் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைப் பெற்றது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று தமிழகம் மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது.

இந்த வெற்றிகளின் வேர்களில் ஒன்று கள்ளக்குறிச்சியின் அண்டை மாவட்டமான கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின், பெற்றோரை இழந்த சிறுமியரையும் வறிய குடும்பத்துப் பெண் பிள்ளைகளையும் மைதானத்துக்கு அழைத்து வந்து பயிற்சி அளித்தார் பயிற்சியாளர் மாரியப்பன். அவர்களுக்கு உறைவிடம் தந்தவை அரசு இல்லங்களும் விடுதிகளும். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரராக உயர்ந்தார்; கடலூர் அரசு விடுதியில் தங்கிப் படித்த சந்தியா ரங்கநாதன் இந்திய அணியின் முன்கள ஆட்டக்காரரானார். இந்துமதி விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். 2020 பொதுமுடக்கத்தின்போது கால்பந்து முற்றிலும் நின்றபோது, அவர் சென்னைச் சாலைகளில் காவல் பணியில் இருந்தார். லீக் நின்றது, ஊதியம் நிற்கவில்லை.

அதிதியின் பாதையில் குடும்பமும் கல்வியும் ஏற்ற சுமையை, கடலூரில் விடுதியும் பயிற்சியாளரும் அரசுப் பணியும் பகிர்ந்து ஏற்றன. விடுதி 14 வயதில் உணவளித்தது. பயிற்சியாளர் 17 வயதில் கைவிடவில்லை. அரசுப் பணி இருபதுகளில் நிலைத்த வருமானம் தந்தது. இந்த மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும் சங்கிலி முழுமையாகியிராது. இந்தியக் கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்கள் ஓங்கி நிற்பதிலும் காவல் துறை வேலைக்குப் பங்குண்டு. பத்மஸ்ரீ விருது பெற்ற ஒய்னம் பெம்பெம் தேவியும் மணிப்பூர் காவல் துறையில் பணியாற்றியவரே.

இனி கல்வராயன் மலைக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதன் மேற்கில் எழும் கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த பகுதி அது. அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகம் அங்கு ஏறியது. மரவள்ளி, சிறுதானியம், கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழ இயலாத குடும்பங்கள், பருவம் பார்த்துக் காப்பித் தோட்டங்களுக்கும் வெளியூர்க் கூலி வேலைகளுக்கும் இடம்பெயர்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதைத் தொடர்ந்து, நாட்டின் கவனம் இம்மலையின் பக்கமும் திரும்பியது. மலைவாழ் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி என அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன.

இந்த மலையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இயங்குகிறது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மாநில அளவில் பார்த்தால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உள்ளன. ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் வழங்கப்பட்டன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடைபெறுகின்றன. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பல மாநிலங்களில் இவற்றில் பாதிகூட இல்லை.

குறை எங்கே என்றால், இவை ஒன்றோடொன்று கோக்கப்படாததில்தான். உபகரணத் தொகுப்பு ஊராட்சிக்கு வந்து சேரும்; கோல்கீப்பருக்குப் பயிற்சி தரத் தெரிந்தவர் அதனுடன் வருவதில்லை. கோப்பைப் போட்டி ஆண்டுக்கொரு முறை வரும். ஒரு தோல்வியுடன் அணி வீடு திரும்பும். அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டுதான். விளையாட்டு விடுதியில் சேரத் தேர்வுக்கு வர வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, அங்கிருந்து தேர்வு நடக்கும் ஊருக்குப் போய்த் திரும்பினால் பெற்றோரில் ஒருவரின் இரண்டு நாள் கூலி போய்விடும். அரசுப் பணி ஒதுக்கீடு, தேசிய அல்லது பன்னாட்டு அளவில் சாதித்த பிறகு திறக்கும் கதவு. 14 வயதுக்கும் 22 வயதுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகள்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

மலைப் பெண் ஒருத்தியின் வாழ்வில் அந்த எட்டு ஆண்டுகள் எத்தகையவை என்பதை நாம் அறிவோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பு நிற்பதும், கூலிக்குப் போகும் குடும்பத்தோடு இடம்பெயர்வதும், உரிய வயதுக்கு முன்பே திருமணம் பேசப்படுவதும் இந்தக் காலத்தில்தான். ஒரு கோல்கீப்பர் உருவாக வேண்டிய ஆண்டுகளும், ஒரு பெண்ணின் எதிர்காலம் மூடப்படும் ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே இது விளையாட்டுத் துறைக்கு மட்டுமே உரிய பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது.

'சாலையும் மருத்துவமனையும் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும் மலையில், கால்பந்துக்கு என்ன அவசரம்?' என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். சாலைக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணத்தை எடுத்து மைதானத்தில் போடுமாறு யாரும் கேட்கவில்லை. ஆனால் பெண்களைப் படிப்பில் நிறுத்திவைக்கும் கருவியாக விளையாட்டைக் கண்டால் கணக்கு மாறும்.

அமெரிக்காவில் 1972இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி அளவில் விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல். இந்த மாற்றத்தின் விளைவைப் பொருளியலாளர் பெட்சி ஸ்டீவன்சன் மாநில வாரியாக ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார். மாணவியரின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளிகள் கூடிய இடங்களில், பெண்கள் கல்லூரி செல்வது 1 சதவீதப் புள்ளியும், வேலைக்குச் செல்வது 1 முதல் 2 சதவீதப் புள்ளிகளும் உயர்ந்தன என்பது அவரது முடிவு. அமெரிக்க எண்களை வெள்ளிமலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும், தேசிய அணியை எட்டாத பெரும்பான்மையான பெண்களுக்கும் விளையாட்டு பலன் தருகிறது என்ற அதன் சாரம் நமக்கும் பொருந்தும். நூறு பேருக்குப் பயிற்சி அளித்து ஒரு கோல்கீப்பர்கூட இந்திய அணிக்குச் செல்லாவிட்டாலும், அந்த நூறு பேரும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தால் அந்தப் பணம் வீணானதாகாது.

தமிழகத்தின் ஊக்கத்தொகை முறையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் கபடியில் தங்கம் வென்ற சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு மாநில அரசு ரூ.25 லட்சம் வழங்கியது. மிகவும் தகுதியானவருக்குக் கிடைத்த பரிசு அது. அதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கூற மாட்டார்கள். ஆனால் பரிசு என்பது வென்றவரை அடையாளம் கண்ட பிறகு தரப்படுவது. வெல்வதற்கு முன்பான ஆண்டுகளின் செலவை அது ஈடுசெய்யலாமே தவிர, செலவழிக்க இயலாமல் இடையில் நின்றுபோனவர்களை அது ஒருபோதும் சென்றடையாது. மாதம் ரூ.5,000 வீதம் 40 மாணவியருக்கு ஓராண்டு உதவித்தொகை வழங்க ஆகும் செலவு ரூ.24 லட்சம். ஒரு பரிசுக்கு நிகரான தொகையில் ஒரு மலையின் 40 பெண்களை ஓராண்டு முழுவதும் பள்ளியிலும் மைதானத்திலும் நிறுத்திவைக்க முடியும்.

நடைமுறைக்கு உகந்த சில செயல்களைச் சுட்டலாம்.

முதலாவதாக, கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளை ஒன்றிணைத்து, வெள்ளிமலையில் ஒரு மகளிர் கால்பந்து மையம் அமைக்க வேண்டும். அதற்கென ஒரு பெண் பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிப் பணியாற்ற வேண்டும். கோல்கீப்பர் பயிற்சி தனித் துறை. அதற்கென மாதம் சில நாள்களாவது வெளியிலிருந்து நிபுணர் வந்து செல்ல வேண்டும். கடலூரில் வளர்ந்து தேசிய அணி வரை சென்று திரும்பியவர்களுக்கு இத்தகைய பொறுப்பை அளித்தால், அவர்களது ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்வுக்கும் அது வழிவகுக்கும்.

இரண்டாவதாக, ஒரு நாள் கோப்பைக்குப் பதிலாகப் பள்ளிகளுக்கு இடையே ஆண்டு முழுவதும் நீளும் லீக் வேண்டும். கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம், சேலம் மாவட்டங்களின் விடுதிப் பள்ளிகள் தம்முள் மாறி மாறி ஆடினாலே ஒரு பெண்ணுக்கு ஆண்டில் 20 ஆட்டங்கள் கிடைத்துவிடும். கோல்கீப்பர் வளர்வது ஆட்டங்களில்தான்; இரண்டாம், மூன்றாம் கோல்கீப்பர்களும் களம் காண்பதற்கான விதியை இத்தகைய லீக்கில் எளிதாகச் சேர்க்கலாம்.

மூன்றாவதாக, 14 வயதில் தேர்வாகும் பெண்ணுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை உதவித்தொகை தொடர வேண்டும். பதக்கம் வாங்குவதை அதற்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது. படிப்பிலும் பயிற்சியிலும் வருகைப் பதிவே நிபந்தனையாக இருக்கட்டும். அதனுடன், விளையாட்டுக் காயங்களுக்கான முழுக் காப்பீடும் இணைய வேண்டும். முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சையையும் அதற்குப் பின் பல மாதங்கள் நீளும் இயன்முறைச் சிகிச்சையையும் ஒரு மலைக் குடும்பத்தால் ஏற்க முடியாது.

நான்காவதாக, 3 சதவீத ஒதுக்கீட்டின் கீழ்நிலைப் பணிகளில் ஒரு பகுதியை, மாநில அளவில் தொடர்ந்து ஆடியவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். ஒரே இடத்துக்கு மூவர் போட்டியிடும் கோல்கீப்பர் போன்ற நிலைகளில், பன்னாட்டு ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டுமே தகுதியாகக் கொள்வது நீதியாகாது. மூன்றாம் கோல்கீப்பராகத் தேசிய அணியுடன் பயணம் செய்தவரும் அதே உழைப்பைத் தந்தவர்தான்.

இவற்றுள் எதுவும் புதிய சட்டத்தையோ பெருந்தொகையையோ வேண்டுவதன்று. பழங்குடியினர் நலம், விளையாட்டு, பள்ளிக் கல்வி ஆகிய மூன்று துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே மாணவியின் எட்டு ஆண்டுகளைத் தம் பொறுப்பாக ஏற்றாலே போதும். 2025இல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கருமந்துறையின் அரசு பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடம்பெற்றார். அதுவும் இதே கல்வராயன் மலைத் தொடர்தான். விடுதியும் சிறப்புப் பயிற்சியும் கைகோத்தால் இம்மலையின் பெண்கள் எதையும் எட்டுவார்கள் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் வெள்ளிமலையில் ஒரு பயிற்சியாளர் பணியிடத்தை உருவாக்குவதும், 40 மாணவியருக்கான உதவித்தொகையை அறிவிப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் பரிந்துரையாலும் அரசின் ஓர் ஆணையாலும் செய்யக்கூடியவை. மலையின் நிலை பற்றிய கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்துவிட்டன. அவற்றுக்கான விடைகளில் ஒன்றாக இதையும் சேர்த்துக்கொள்வது அரசின் கையில் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).